கிளாருஸ் மாகாணத்துப் பொதுச்சபை

ஸ்தல சுயஆட்சி என்றவுடன் நாம் வாக்குப் பெட்டியையே நினைக்கிறோம். ஸ்விட்ஸர்லாந்தில், ஆல்ப்ஸ் மலைகளிடையே அடங்கிய கிளாருஸ் மாகாணத்தாருக்கோ அது திறந்தவெளியில் நிகழும் காரியம். ஏறக்குறைய 40,000 ஜனங்களே உள்ள அம்மாகாணத்தில், ஆண்டுதோறும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் வாக்குரிமையுடையோர் தலைநகரத்து மைதானத்தில் வளையமாகக் கூடிச் சட்டங்களையும் வரி விகிதத்தையும் தாமே தீர்மானிக்கின்றனர். சிறுவர்கள் நடுவில் மேடையருகே அமர்ந்து கேட்பர். நிகழ்ச்சிக்குரிய விஷயங்கள் அடங்கிய புஸ்தகம் முன்னதாகவே வாக்காளர்களுக்குச் சென்றுவிடும்.

எவரும் மேடையேறிப் பேசலாம்; திருத்தமும் கொணரலாம். பின்னர் யாவரும் தத்தம் வாக்குரிமைச் சீட்டைக் கையில் உயர்த்த, தலைவர் கண்ணளவாகவே மதிப்பிட்டு முடிவு கூறுவார். எண்ணிக் கணக்கிடும் வழக்கம் இல்லை. அண்டை வீட்டார் பார்த்திருக்க ஒருவன் தன் மனத்துக்கிசைந்தபடி கையுயர்த்துவது எளிதன்று. இரகசிய வாக்கு இன்மை பெருங்குறையே என்பது நம் அபிப்பிராயம். பெண்களுக்கு இங்கு வாக்குரிமை கிடைத்ததும் 1971இல்தான். ஆயினும் அதே சபைதான் 2007இல், ஸ்விஸ் மாகாணங்களுள் முதன்முதலாக, 16 வயதினருக்கு வாக்கு அளித்தது.

எனினும் நாம் மிகவும் வியப்பது 2006இல் நிகழ்ந்ததையே. அப்போது அம்மாகாணத்தில் 25 கிராமப் பஞ்சாயத்துக்கள் இருந்தன. பள்ளிக்கூடங்களுக்கும் தரும காரியங்களுக்கும் வேறு தனிச் சபைகள். சிற்றூர்களில் பதவியேற்க ஆள் அகப்படுவது அரிதாயிற்று, பொருளும் போதவில்லை. ஆகவே அரசாங்கத்தார் 25ஐப் பத்தாகச் சுருக்கலாமென்றனர். கூட்டத்தினின்றும் எழுந்த ஒரு குடிமகன், பத்தும் அதிகம், மூன்றே போதுமென்றார். சபை அதையே ஏற்றுக்கொண்டது! அரசாங்கத்தாரே இதை எதிர்பார்க்கவில்லை.

தம் ஊராட்சியைத் தாமே கைவிடுவதா என்று பலர் மனம் நொந்தனர். அவர்கள் வேண்டுகோளின் பேரில் 25-11-2007இல் விசேஷ சபை கூட்டப்பட்டது. அதுவும் முந்தைய முடிவையே உறுதிசெய்தது. 1-1-2011 முதல் மூன்று பஞ்சாயத்துக்களே. எல்ம் போன்ற மலையூர்கள் பெயரளவில் நிற்கின்றன. அவற்றின் காரியங்கள் தெற்குக் கிளாருஸின் பொறுப்பாயின.

சிற்றூரார் இழந்தது சொற்பமென்று நாம் கூறத் துணியோம். பஞ்சாயத்தின் எல்லை விரிந்தபோது வடக்குக் கிளாருஸார் பிரதிநிதி சபையொன்றையும் அமைத்துப் பார்த்தனர். சில ஆண்டுகளுக்குள் அதனைக் கலைத்து, எல்லாவற்றையும் ஜனங்களின் பொதுக்கூட்டத்திற்கே விட்டுவிட்டனர்.