கூரை திறக்கும் பழைய கார்: வாங்கும் முன் தரையைத் தொட்டுப் பாருங்கள்

படிப்பு முடிந்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு வரும் முதல் ஆசை கார்தான். அதிலும் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும் ‘கன்வர்ட்டிபிள்’ என்றால் சொல்லவே வேண்டாம். புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால், பல வருடம் ஓடிய வண்டி ஒன்று மலிவு விலையில் கண்ணில் பட்டால் மனம் சும்மா இருக்குமா? அதை வாங்கினால் நிம்மதியாக ஓட்டலாமா, இல்லை பட்டறைக்கே நடையாய் நடக்க வேண்டுமா?

ஜப்பானின் மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைக் காரின் உற்பத்தி, 2016-இல் 10 லட்சத்தை எட்டியது. உலகில் மிக அதிகமாக விற்பனையான இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதற்கு உண்டு. பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பொதுவாக அதன் இன்ஜினைக் குறை சொல்வதில்லை. அவர்கள் பயப்படுவது தண்ணீருக்கும் துருவுக்கும்தான்.

சிறிய துளை, பெரிய செலவு

துணிக் கூரையின் மேல் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலையும் தூசியும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் காருக்குள் புகுந்து தரைவிரிப்பை நனைக்கும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டத்துக்குள்ளும் தேங்கும். துரு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே சாயம் கொப்பளிக்கும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும்.

சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து உடலைத் தாங்கும். கன்வர்ட்டிபிளில் அந்த உதவி இல்லை. தரையும் அந்தக் கீழ்ச் சட்டமும்தான் பெரும்பாலான பாரத்தைச் சுமக்கின்றன. ஆகவே, அங்கே துரு பிடித்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. உயிர்ப் பாதுகாப்புப் பிரச்சினை.

எளிமையே பலம்

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் கூரையைக் கையாலேயே மடக்கலாம். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறக்காமல் மடக்கினால் மட்டும் அது கீறி வெடித்துவிடும். பொத்தானை அழுத்தினால் மடங்கும் உலோகக் கூரைகளில் மோட்டார், சென்சார், எண்ணெய் அழுத்தக் குழாய் எனப் பல பாகங்கள் உண்டு. பாகங்கள் கூடக் கூட, பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது.

பார்க்கப் போகும்போது

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் காரணம் கேளுங்கள். கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். சர்வீஸ் ரசீதுகளையும், டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, வண்டியை ஏற்றிவைத்து அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலேசியாவில் பெயர் மாற்றத்துக்கு பி5 பரிசோதனை செய்ய வேண்டும். அதில் தேறிவிட்டது என்பதால், அடுத்த மழைக்குக் கூரை ஒழுகாது என்று பொருளில்லை.

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருடப் பழுதுபார்ப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள். அந்தப் பணம் இல்லையென்றால், அந்தக் கார் இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல.

பழைய காரை வாங்கும்போது, முன்பு வைத்திருந்தவரின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். வடிகால் துளையைச் சுத்தம் செய்யச் சில நிமிடம் போதும். அதைச் செய்தவரிடமிருந்து வாங்குங்கள். வாங்கிய பின் நீங்களும் செய்யுங்கள்.