50 கேபிக்குள் போட்டோ... முகம் மங்காமல் சுருக்குவது எப்படி?

குரூப் 4 அறிவிப்பு வந்தால் போதும், திண்டுக்கல்லின் பிரவுசிங் சென்டர்களில் வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளின் கூட்டம்தான். படிவத்தை நிரப்பிவிடலாம், மல்லுக்கட்ட வைப்பது போட்டோ. டி.என்.பி.எஸ்.சி கேட்பது 20 முதல் 50 கேபி. கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி. போனில் எடுத்த படமோ 3, 4 எம்பி இருக்கும். கிடைத்த ஆப்பில் போட்டுச் சுருக்கினால் அளவு சரியாகிவிடும், முகம் கலங்கிவிடும். படம் தெளிவில்லை என்றால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

ஏன் கலங்குகிறது?

படத்தின் கேபியைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை பிக்ஸல் புள்ளிகள் இருக்கின்றன, அவற்றை எவ்வளவு நுணுக்கமாகச் சேமிக்கிறோம் என்ற 'குவாலிட்டி'. 12 மெகாபிக்ஸல் படத்தில் 1.2 கோடி புள்ளிகள். அத்தனையையும் 50 கேபிக்குள் திணித்தால், நுணுக்கம் மொத்தமும் பலியாகும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். இதற்கு அடிப்படையான கணக்கை 1974-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர்!

சரியான வரிசை இதுதான்

1. ஒரிஜினல் படத்தைக் காப்பி எடுத்து, அதில் வேலை செய்யுங்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் தரம் இன்னும் குறையும்.

2. முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி கிராப் செய்யுங்கள்.

3. அடுத்து ரீசைஸ். 3.5-க்கு 4.5 செ.மீ படத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்று கணக்கிட்டால், 276-க்கு 354 பிக்ஸல். புள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிடும். நீள அகல விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முகம் இழுபட்டுவிடும்.

4. குவாலிட்டியைக் கடைசியாகத் தொடுங்கள். 50 கேபியைத் தாண்டினால் கொஞ்சம் குறையுங்கள். 20-க்குக் கீழே போனால், ஒரிஜினலிலிருந்து குவாலிட்டியைக் கூட்டிச் சேமியுங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் இல்லாத தெளிவு வராது.

கையெழுத்தை வெள்ளைத்தாளில் போட்டு, ஓரத்து வெற்றிடத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இதையும் கவனியுங்கள்

சென்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப்பே ஒருமுறை சுருக்கிவிடும். முன்பின் தெரியாத இணையதளங்களில் போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்றாதீர்கள். கிராப், ரீசைஸ் வேலைக்குக் கணினியில் இருக்கும் பெயின்ட்டே போதும்.

சமர்ப்பிக்கும் முன் படத்தைப் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். தேர்வறையில் ஹால் டிக்கெட்டோடு ஒப்பிடப்போவது அந்த முகத்தைத்தான்.