அமெரிக்கப் பள்ளிகளில் 'அரசாங்கம்' ஒரு பாடம்: முதல் வாக்குக்கு முன் மாணவர்கள் கற்பது என்ன?

அமெரிக்காவில் 12-ஆம் வகுப்பில் பயிலும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டிலேயே 18 வயதை எட்டுகின்றனர். வாக்குரிமை கைக்கு வரும் அதே பருவத்தில், 'அமெரிக்க அரசாங்கம்' என்ற பாடமும் அவர்களில் பலருக்குக் கட்டாயமாகிறது. சட்டம் எவ்வாறு இயற்றப்படுகிறது, அதிபரின் அதிகாரம் எங்கே முடிகிறது, நீதிமன்றம் எப்போது தலையிடலாம் என்பனவற்றை அவர்கள் அந்த வகுப்பில் கற்கின்றனர்.

ஆயினும், இப்பாடத்துக்கு நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது. இதைக் கற்பது மாணவர்களின் அரசமைப்பு உரிமை என்ற வாதத்தையும் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இதுவரை ஏற்கவில்லை. குடிமக்களாவதற்கு இளைஞர்களைத் தயார்படுத்தும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கு இன்னும் விவாதத்திலேயே உள்ளது.

பாடத்தை முடிவு செய்வது யார்?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 'கல்வி' என்ற சொல்லே இடம்பெறவில்லை. கூட்டாட்சி அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாகாணங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என 1791-இல் நடைமுறைக்கு வந்த 10-ஆவது திருத்தம் கூறுகிறது. இதன்படி பள்ளிக் கல்வி மாகாணங்களின் பொறுப்பாயிற்று. கூட்டாட்சிக் கல்வித் துறையை உருவாக்கிய 1979-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளிப் பாடத்திட்டத்தைக் கட்டுப்படுத்த அத்துறைக்குத் தடை விதிக்கிறது.

இந்தியாவில் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டதால், மத்திய அரசும் மாநில அரசுகளும் அதில் சட்டமியற்ற முடியும். அமெரிக்காவிலோ 50 மாகாணங்களும், அவற்றின் கீழ் இயங்கும் சுமார் 13 ஆயிரம் பள்ளி மாவட்டங்களும் தத்தம் முடிவுகளை எடுக்கின்றன.

இதனால் மாகாணத்துக்கு மாகாணம் நடைமுறை வேறுபடுகிறது. கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் ஆகிய மாகாணங்களில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவுசெய்ய அரை ஆண்டு அரசாங்கப் பாடம் தேவை. நியூயார்க்கில் அதன் பெயர் 'அரசில் பங்கேற்பு'. புளோரிடாவில் ஏழாம் வகுப்பிலேயே குடிமையியலுக்கு மாகாண அளவிலான தேர்வு நடத்தப்படுகிறது.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலான வகுப்புகள் அரசின் மூன்று துறைகளிலிருந்து தொடங்குகின்றன. 435 உறுப்பினர்களைக் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 உறுப்பினர்களைக் கொண்ட செனட் சபையும் இணைந்த நாடாளுமன்றம், அதிபரின் தலைமையிலான நிர்வாகம், நீதித் துறை ஆகியவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் விதம் விளக்கப்படுகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவை அதிபர் நிராகரிக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் அதை மீண்டும் நிறைவேற்றினால் அவரது ஒப்புதல் இன்றியே அது சட்டமாகும்.

அடுத்து, உரிமைகள் சாசனம் எனப்படும் முதல் 10 திருத்தங்கள், மாகாணங்களுக்கும் கூட்டாட்சி அரசுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வு, தேர்தல் முறை ஆகியவை வருகின்றன. நாடு முழுவதும் ஒரு வேட்பாளர் கூடுதல் வாக்குகள் பெற்றும், தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 270-ஐ எட்டாமல் தோற்க நேர்வது ஏன் என்பதும் இவ்வகுப்பில் விளக்கப்படுகிறது. 2000, 2016 ஆகிய ஆண்டுகளின் அதிபர் தேர்தல்கள் இதற்கு உதாரணங்கள்.

கல்லூரித் தரத்திலான பாடத்தை விரும்பும் மாணவர்களுக்கு, 'காலேஜ் போர்டு' அமைப்பு நடத்தும் 'ஏ.பி.' எனப்படும் உயர்நிலைப் பாடம் உள்ளது. சுதந்திரப் பிரகடனம், அரசமைப்புச் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் உள்ளிட்ட ஒன்பது அடிப்படை ஆவணங்களை இம்மாணவர்கள் மூல வடிவில் படிக்க வேண்டும். அரசமைப்பை ஆதரித்தவர்களின் கட்டுரைகளோடு, அதை எதிர்த்து 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் எழுதப்பட்ட கட்டுரையும் அப்பட்டியலில் உண்டு. உச்சநீதிமன்றத்தின் முக்கியத் தீர்ப்புகளும் கட்டாயப் பாடங்களாகும்.

மனப்பாடம் போதுமா?

இப்பாடத்தை எப்படி மதிப்பிடுவது என்பதில் இரு வேறு அணுகுமுறைகள் நிலவுகின்றன.

முதலாவது, அடிப்படைத் தகவல்களைச் சோதிக்கும் தேர்வு. அமெரிக்கக் குடியுரிமை கோருவோருக்கு நடத்தப்படும் தேர்வின் 100 கேள்விகளை அடிப்படையாகக் கொண்ட தேர்வில் பள்ளி மாணவர்களும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2015-இல் அரிசோனா சட்டம் இயற்றியது. இவ்வாறு செய்த முதல் மாகாணம் அதுவே. தேர்ச்சிக்கு 60 சரியான விடைகள் தேவை என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் வேறு பல மாகாணங்களும் இதைப் பின்பற்றின. குடியேறியவர்களிடம் எதிர்பார்க்கும் அறிவை நாட்டில் பிறந்தவர்களிடமும் எதிர்பார்ப்பது நியாயமே என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம்.

குடியுரிமைத் தேர்வு அண்மையில் கடினமாக்கப்பட்டுள்ளது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகள் கொண்ட தொகுப்பிலிருந்து 20 கேள்விகள் வரை வாய்மொழியாகக் கேட்கப்படுகின்றன. 12-க்குச் சரியான பதில் அளிக்க வேண்டும். முன்பு 10 கேள்விகளில் 6 சரியாக இருந்தால் போதும். அமெரிக்கக் குடியுரிமை பெறும் ஆயிரக்கணக்கான இந்தியர்களும் ஆண்டுதோறும் இத்தேர்வை எதிர்கொள்கின்றனர்.

விடைகளை மனப்பாடம் செய்வதால் குடிமை உணர்வு வளர்ந்துவிடாது என்போர் இரண்டாவது அணுகுமுறையை முன்வைக்கின்றனர். மாசசூசெட்ஸ் மாகாணம் 2018-இல் இயற்றிய சட்டம், எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே வழிநடத்தும் குடிமைச் செயல்திட்டத்தை மேற்கொள்ள வாய்ப்பளிக்குமாறு அரசுப் பள்ளிகளைப் பணிக்கிறது. தம் ஊரின் ஒரு பிரச்சனையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொறுப்பான அரசு அமைப்பு எது எனக் கண்டறிந்து, தீர்வைக் கோருவதே இத்திட்டத்தின் சாரம். இது மாணவர்களை அரசியல் சார்புக்கு இட்டுச் செல்லும் என்ற எதிர்ப்பும் ஒரு தரப்பிலிருந்து எழுகிறது.

கவலை தரும் மதிப்பெண்கள்

கல்வி முன்னேற்றத்துக்கான தேசிய மதிப்பீடு, எட்டாம் வகுப்பு மாணவர்களின் குடிமையியல் அறிவைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளவிடுகிறது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 22 சதவீத மாணவர்கள் மட்டுமே 'தேர்ச்சித் திறன்' நிலையையோ அதற்கு மேற்பட்ட நிலையையோ எட்டினர். 2018-இல் 153 ஆக இருந்த சராசரி மதிப்பெண் 150 ஆகக் குறைந்தது. இம்மதிப்பீட்டில் குடிமையியல் மதிப்பெண் சரிந்தது அதுவே முதல் முறை.

உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், இக்குறையைப் போக்க 2009-இல் 'ஐசிவிக்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கணினி விளையாட்டுகள் மூலம் அரசமைப்பைக் கற்பிக்கும் அதன் பாடங்கள் இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன.

பள்ளியிலிருந்து உச்சநீதிமன்றம் வரை

இவ்வகுப்பில் படிக்கப்படும் தீர்ப்புகள் சிலவற்றில் வழக்குத் தொடுத்தவர்களே பள்ளி மாணவர்கள்தான். 1965-இல் வியட்நாம் போரில் உயிரிழந்தோருக்கு அஞ்சலி செலுத்தவும் போர் நிறுத்தம் கோரியும், அயோவா மாகாணத்தின் டெஸ் மாய்ன் நகரில் மாணவர்கள் சிலர் கையில் கருப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குச் சென்றனர். அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பள்ளியின் நடவடிக்கைகளுக்குப் பெரும் இடையூறு நேராத வரை மாணவர்களின் கருத்துரிமையை மறுக்க முடியாது என 1969-இல் உச்சநீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், கொடிக்கு வணக்கம் செலுத்துமாறு மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மேற்கு விர்ஜினியா வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்தோர் 'யெகோவாவின் சாட்சிகள்' பிரிவைச் சேர்ந்தவர்கள்.

அந்தத் தீர்ப்பு இந்தியாவிலும் எதிரொலித்தது. கேரளத்தில் அதே மதப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடாததால், 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களை மீண்டும் சேர்க்க 1986-இல் உத்தரவிட்ட இந்திய உச்சநீதிமன்றம், தனது தீர்ப்பில் மேற்கு விர்ஜினியா வழக்கையும் எடுத்தாண்டது.

கற்பது உரிமையா?

அரசாங்கத்தைப் பற்றிப் போதிய அளவு கற்பிக்காமல் விட்டால், அரசின் மீதே மாணவர்கள் வழக்குத் தொடுக்க முடியுமா? ரோட் ஐலண்ட் மாகாணத்தில் அரசுப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் 2018-இல் இக்கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். வாக்களிக்கவும், நடுவர் குழுவில் பணியாற்றவும் தேவையான அறிவைப் பள்ளிகள் வழங்கவில்லை என்பது அவர்களின் முறையீடு.

கல்வி அரசமைப்பின்படி அடிப்படை உரிமை அல்ல என 1973-இல் உச்சநீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது. எனினும், வாக்குரிமையையும் பேச்சுரிமையையும் பயன்படுத்தக் குறைந்தபட்சக் கல்வி தேவைப்படலாம் என்ற சாத்தியத்தை அத்தீர்ப்பு முற்றிலும் மறுக்கவில்லை. ரோட் ஐலண்ட் மாணவர்கள் அந்த இடைவெளியையே நம்பினர்.

2020-இல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால், ஜனநாயகத்துக்கு நேர்ந்துள்ள ஆபத்தைச் சுட்டிக்காட்டியதற்காக மாணவர்களை நீதிபதி பாராட்டினார். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதே ஆண்டில் மாகாணக் கல்வித் துறையுடன் சமரசம் ஏற்பட்டு, குடிமைக் கல்வியை மேம்படுத்தப் பணிக்குழு ஒன்றை அமைக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. சட்டப் போராட்டத்தில் தோற்ற மாணவர்கள், தம் கோரிக்கையின் ஒரு பகுதியைப் பேச்சுவார்த்தையில் பெற்றனர்.

வாக்குரிமை வயது அமெரிக்காவில் 1971-இலும் இந்தியாவில் 1989-இலும் 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுக்கு இரு நாடுகளிலும் கூடுதல் பொறுப்பு சேர்ந்தது அப்போதுதான். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 ஆண்டுகள் நிறைவடைவது 2026 ஜூலை 4-ஆம் தேதி. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்குமான தேர்தல் அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி. அரசாங்கப் பாடத்தை முடித்த கையோடு 18 வயதை எட்டும் மாணவர்களுக்கு, அந்த வாக்குச்சீட்டே முதல் வாக்குச்சீட்டு.