எடை கூடினால் போதுமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: "புள்ள இன்னும் தேறலையே, பால் பத்தலையா?" பச்சை உடம்புக்காரியைக் கலங்கடிக்க அது போதும். மெடிக்கல் ஷாப்பிலிருந்து பால்பவுடர் டின் வந்துவிடும். புட்டி பழகப் பழகக் குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். பத்தவில்லை என்ற சந்தேகம் இப்படித்தான் உண்மையாகிவிடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்பவுடரை விளம்பரம் செய்யச் சட்டம் தடை விதித்திருக்கிறது. உறவினர் வாய்க்கு ஏது தடை?

டின் பாலில் குழந்தை சீக்கிரம் கொழுக்கிறது என்பது பொய்யில்லை. சிக்கலே அங்குதான். தாய்ப்பாலைவிட அதில் புரதம் அதிகம். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகளில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் புரதம் கூடிய பவுடர் பாலும், மற்றவர்களுக்குப் புரதம் குறைந்ததும் கொடுத்து, ஆறு வயதுவரை கவனித்தார்கள். 2014-இல் முடிவு வந்தது: புரதம் கூடிய பால் குடித்தவர்களுக்கு உடல் பருமன் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல். மார்பில் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் தானே வாயை எடுத்துவிடும். புட்டியில் மீதி இருந்தால் அதையும் புகட்டி முடிக்கத்தான் நமக்குத் தோன்றும்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். புனே மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. டெல்லியில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்டவர்களில், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து பிறகு வேகமாகப் பருத்தவர்களே முப்பது வயதையொட்டிச் சர்க்கரை நோய்க்கு அதிகம் ஆளானார்கள் என்று 2004-இல் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தையின் பாலைக் குறைத்துவிடக் கூடாது. மெலிவும் இங்கே தீராத நோய்தான். பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆனால் நல்ல வளர்ச்சி. அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கும் கோடு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள்; பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்காதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் பருப்புச்சாதம், கேழ்வரகுக் கூழ், முட்டை கொடுக்கலாம். பாலில் ஊறவைத்த பிஸ்கட் வேண்டாம்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் பிரசவித்த பெண்ணிடம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறோம். அவள் கரும்புக் கொல்லைக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போகிறவளாக இருந்தால்? தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு, சம்பளத்தோடு. கூலிப்பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறுத் திட்டத்தின் உதவித்தொகை தவணை தவணையாக வருகிறது. ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. அந்தக் கூலியை முழுதாக அரசு கொடுக்க வேண்டும்.