அடைக்கலம் நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா?

1969ஆம் ஆண்டிற்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல், தோட்டங்களை விட்டுக் கப்பலேறி இந்தியா திரும்பியவர்களைப் பற்றி ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போன ஊரில் பிழைப்பு பெரும்பாடாயிற்று. ஆயினும் துப்பாக்கி ஏந்தியவர் எவரும் அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவரின் நிலை வேறு.

இதே பேராக் மாநிலத்தின் லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து, 2021 பிப்ரவரி 23ஆம் நாள், 1,086 மியன்மார் நாட்டவர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏற்றிச் சென்ற மூன்று கப்பல்களும் மியன்மார் கடற்படையுடையவை. அம்மாதம் முதல் நாளன்றுதான் அந்நாட்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தது. அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்துமாறு கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அன்றே ஆணையிட்டிருந்தது.

அனைவரும் விரும்பியே சென்றனர், அவர்களுள் அடைக்கலம் கோரியவர் இல்லை என்றது குடிநுழைவுத் துறை. இதைச் சரிபார்த்தவர் யார்? ஐ.நா. அகதிகள் ஆணையம் தடுப்பு முகாம்களுக்குள் செல்ல 2019 ஆகஸ்டு முதல் அதுவரை அனுமதி கிடைக்கவில்லை.

உயிருக்கு ஆபத்துள்ள இடத்திற்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அனைத்துலக நெறி. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை; ஆயினும் இந்நெறி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் என்பதே ஆணையத்தின் கருத்து.

ஆகவே, அனுப்புமுன் நாம் கேட்க வேண்டியவை மூன்று. அவர் யாருக்கு அஞ்சி வந்தார்? யார் கையில் ஒப்படைக்கிறோம்? அவருடைய அச்சத்தை நடுநிலையானவர் ஒருவர் தனியே கேட்டறிந்தாரா? விடை கிடைக்குமுன் கப்பல் புறப்பட்டுவிட்டால், பிறகு தவறு தெரிந்தாலும் திருத்த வழியிராது.