மீட்டர் கோலும் கஜத் துணியும்
(வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வேகம் காட்டும் கருவி தப்பாகக் காட்டினால்…)

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



போன வருடம் ஆடி மாதம் ஒரு நாள் காலை, எங்கள் ஊர் கேபிள் ஆபீசில் ஏழெட்டுப் பேர் முன்னால் நின்றுகொண்டு, "அம்பது தர்றோம்னு சொல்லிக் காசு வாங்கிட்டு அஞ்சுதான் தர்றீங்க, இது என்னங்க நியாயம்?" என்று நான் சத்தம் போட்டேன். பக்கத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு, தூங்காமல் என்னோடு வந்திருந்தார். படித்த பிள்ளை சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. நான் சொன்னது முழுக்கத் தப்பு என்பது அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரிந்துவிட்டது!

அந்தத் தப்பு எப்படி வந்தது, அதே கருவி அப்புறம் என்னென்ன வேஷம் போட்டது, ஒவ்வொன்றையும் எப்படிப் பிடித்தேன் என்பதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இணைப்பு 50 மெகாபிட் திட்டம், மாதம் 499 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகக் கூடி 588 ரூபாய் 82 பைசா. அந்தக் காசுக்காக வீட்டில் ஒரு மாதம் மன்றாடியவள் நான்தான். எனவே கொடுக்கிற காசுக்கு வேகம் வருகிறதா என்று பார்க்க, சீனியர் அக்கா ஒருவர் பென் டிரைவில் தந்த சின்ன சாப்ட்வேர் ஒன்றைப் போட்டேன். திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழ்நோக்கிய அம்புக்குறியும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போட்டு இரண்டு எண்களைக் காட்டும். கீழ் அம்பு நாம் இறக்குவது, மேல் அம்பு நாம் அனுப்புவது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நெட்வொர்க் கார்டு வழியாக வருகிற ஒவ்வொரு பைட்டையும் கம்ப்யூட்டர் எண்ணி ஓர் இடத்தில் கூட்டிக்கொண்டே போகிறது. கருவி ஒரு நொடிக்கு ஒரு தடவை அந்தக் கூட்டுத்தொகையை எட்டிப் பார்க்கும். இப்போதைய எண்ணில் போன நொடி எண்ணைக் கழிக்கும். வந்த மீதிதான் "வேகம்". இ.பி. ரீடிங் எடுக்க வருகிறவர் இந்த ரீடிங்கில் போன ரீடிங்கைக் கழித்து யூனிட் எழுதுகிறாரே, அதே கணக்குதான். வேறு எந்த மாயமும் உள்ளே கிடையாது.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். நாம் எதையும் இறக்காமல் சும்மா இருந்தால் கருவி 2, 3 கிலோபைட் என்றுதான் காட்டும். வீட்டில் ஒரே ஒரு பல்பு எரியும்போது மீட்டர் மெதுவாகத்தான் ஓடும், அதைப் பார்த்து "இ.பி.யில் கரண்ட் கம்மியா விடறாங்க" என்று சொல்வோமா? இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு பெரிய கோப்பை இறக்க விட்டு, அப்போது கருவியைப் பார்க்க வேண்டும்.

நான் அப்படிப் பெரிய கோப்பை இறக்கித்தான் பார்த்தேன். லினக்ஸ் நிறுவும் கோப்பு. கருவி 5.53 காட்டியது. ஐந்து நிமிடம் பார்த்தேன், அதற்கு மேல் ஏறவே இல்லை. 50 எங்கே, 5.53 எங்கே! உடனே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேபிள் ஆபீஸ் அண்ணன் கோபப்படவில்லை. "அம்மிணி, அந்த நம்பருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், எண்ணுக்குப் பக்கத்தில் "எம்.பி./எஸ்." என்று இருந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பி. திட்டத்தின் ரசீதில் இருந்ததோ சின்ன எழுத்து பி! சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். முதல் செமஸ்டரிலேயே படித்தோம், இரண்டு மார்க் கேள்வியில் எழுதியும் இருக்கிறோம். வீட்டில் வந்து எதிரே நிற்கும்போது தெரியவில்லை.

சும்மா எட்டால் பெருக்கிவிட்டு நம்புவதைவிட, கையால் ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீங்களும் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நெட்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடு போட்டு, 'இ' என்ற எழுத்தை அடித்து என்டர் தட்டினால், இதுவரை வந்த பைட், போன பைட் இரண்டும் வரும். பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தில் 60 நொடி பார்த்து, மறுபடி அடித்துக் குறியுங்கள். கழியுங்கள்.

எனக்கு வித்தியாசம் 34 கோடியே 80 லட்சம் பைட் வந்தது. 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 58 லட்சம் பைட். எட்டால் பெருக்கினால் நொடிக்கு 4 கோடியே 64 லட்சம் பிட். அதாவது 46.4 மெகாபிட். 50-க்கு 46.4! இதற்கு மேல் சண்டை போட என்ன இருக்கிறது?

ஆனால் 58 லட்சம் பைட் என்றால் 5.8 தானே வர வேண்டும், கருவி ஏன் 5.53 காட்டியது என்று குழம்பினேன். அதற்கும் விடை கிடைத்தது. இணைப்புக் கொடுப்பவர் மெகா என்றால் பத்து லட்சம் என்று வைக்கிறார். என் கருவியோ 1024-ஐ 1024-ஆல் பெருக்கி வரும் 10,48,576-ஐ ஒரு மெகா என்று வைக்கிறது. 58 லட்சத்தை அதால் வகுத்தால் சரியாக 5.53. பிரௌசரில் தெரிகிற இறக்க வேகம் இதைவிடவும் கொஞ்சம் கம்மியாக இருக்கும். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் சாதாரணமாக 40 பைட் முகவரி முதலிய விவரத்துக்கே போய்விடும், கோப்புக்குக் கிடைப்பது 1460. கார்டு எல்லாவற்றையும் எண்ணும், பிரௌசர் கோப்பை மட்டும் எண்ணும்.

ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பிட், பைட் எல்லாம் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று திணறினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "மீட்டர் கோலை வெச்சு கஜத் துணிய அளந்துட்டு, துணி குறையுதுன்னு மொதலாளிய திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கற. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவேதான். மூன்று வருடம் படித்த எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. போகும்போது, "காத்தால நானும் வர்றேன், அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்" என்றார். மறுநாள் போய்ச் சொன்னோம். அண்ணன் சிரித்துவிட்டு டீ வாங்கித் தந்தார். அந்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இது முடிந்த மறு வாரம் கருவி 0.0 என்று காட்டியது. படம் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, கருவி மட்டும் பூஜ்யம்! நடந்தது இதுதான். அதுவரை யு.எஸ்.பி. வை-ஃபை டாங்கிள் வழியாக இணைத்திருந்தேன். அந்த வாரம்தான் ஒரு லேன் கேபிள் கிடைத்து, நேரடியாக இணைத்தேன். கருவியோ பழைய வை-ஃபை கார்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு "யூனிட் இல்லை" என்று எழுதிய கதை. கருவியின் மேல் வலது பட்டனை அழுத்தி, அமைப்புகளுக்குள் போய், எந்த நெட்வொர்க் கார்டு என்ற இடத்தில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. எது உயிரோடு இருக்கிற கார்டு என்று தெரியாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயல்திறன் பக்கத்தைப் பாருங்கள். எதில் கோடு ஏறி இறங்குகிறதோ அதுதான். அது காட்டுவது பிட் கணக்கில் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, "எங்க வீட்ல 50 பிளானுக்கு 72 தர்றாங்கடி" என்று பெருமையாகச் சொன்னாள். போய்ப் பார்த்தால், அது வை-ஃபை கார்டின் இணைப்பு வேகம். ஒற்றை ஆண்டெனா டாங்கிளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் உச்ச எண் 72. கம்ப்யூட்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவில் காற்றில் போகிற பேச்சு அது. வெளியே இருந்து வருகிற இன்டர்நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் அந்த 72-இல் பாதி கிடைத்தாலே பெரிது. அவள் முகம் வாடிவிட்டது, பாவம்.

அவள் வீட்டிலேயே வேறொரு வேடிக்கையும் பார்த்தேன். 'எல்லாக் கார்டுகளும்' என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அதோடு ஒரு வி.பி.என். சாப்ட்வேரும் ஓடியது. வி.பி.என். தனக்கென்று ஒரு கற்பனைக் கார்டை உருவாக்கிக்கொள்ளும். ஒரே தகவல் முதலில் நிஜக் கார்டில் பூட்டிய பொட்டலமாக எண்ணப்படும், அப்புறம் திறந்த பொட்டலமாகக் கற்பனைக் கார்டிலும் எண்ணப்படும். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பு! நிஜக் கார்டை மட்டும் தேர்ந்தெடுத்ததும் கணக்கு நேரானது.

எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு அடுத்து வந்ததுதான். பெரிய கோப்பு இறங்கும்போது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கருவி திடீரென்று ஒரு நொடி மட்டும் மைனஸ் குறி போட்டு ஒரு பிரம்மாண்டமான எண்ணைக் காட்டும். அடுத்த நொடி சரியாகிவிடும். பேய் பிடித்ததோ என்றே நினைத்தேன். அந்தச் சாப்ட்வேர் பழசு. பழைய முறையில் பைட்டுகளை எண்ணும் பெட்டி 32 பிட் அகலம்தான். அதில் 429,49,67,295 வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒன்று கூடினால், ஸ்கூட்டர் கிலோமீட்டர் ஓட்டம் 99999-க்குப் பிறகு 00000 ஆவதுபோல, பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அந்த நொடியில் கருவி புதிய சின்ன எண்ணில் பழைய பெரிய எண்ணைக் கழிக்கிறது, மைனஸ் வருகிறது. 50 மெகாபிட்டில் நொடிக்கு 62.5 லட்சம் பைட் வந்தால் பெட்டி நிரம்ப 687 நொடி, அதாவது 11 நிமிடம் 27 நொடி. எனக்கு 46-தான் வந்ததால் 12 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், அப்படியே வந்தது! அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை எந்தப் பரீட்சை மார்க்கும் தந்ததில்லை. 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸில் 64 பிட் பெட்டி இருக்கிறது. அதைப் படிக்கிற புது சாப்ட்வேரைப் போட்டேன், பேய் ஓடிவிட்டது.

புது சாப்ட்வேர் தன் பங்குக்கு ஒரு நாள் எண்ணையே காட்டாமல் வெறும் கோடு காட்டியது. கார்டு சரி, இணைப்பு சரி, டாஸ்க் மேனேஜரும் ஒழுங்காகக் காட்டுகிறது. விண்டோஸ் தன் எண்ணிக்கைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. சில கருவிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எண்ணைத் தேடும். பட்டியல் கெட்டுப்போனால் அவற்றுக்குக் கண் தெரியாது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எல்-ஓ-டி-சி-டி-ஆர் என்று ஆறு எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, முன்சாய்ந்த கோடும் பெரிய ஆர் எழுத்தும் அடித்தால் விண்டோஸ் பட்டியலைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டதும் எண் வந்துவிட்டது. அந்த ஆர் பெரிய எழுத்தாகவே இருக்கட்டும். இதை லேபில் இருக்கிற கம்ப்யூட்டரில் செய்து பார்க்க வேண்டாம், சார் திட்டுவார்!

கடைசியாக ஒன்று. ஐப்பசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு அளந்தால் 46 வருகிற இடத்தில் 15 வந்தது. கையால் அளந்தேன், அதே 15. பிட், பைட் சரி. கார்டு சரி. இந்தத் தடவை நிச்சயம் அவர்கள் தப்புதான் என்று பேப்பரில் மூன்று நாள் கணக்கு எழுதி, நேரம் போட்டு, கேபிள் ஆபீசுக்குக் கொண்டுபோகத் தயாராகிவிட்டேன். அப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம்பது மணிக்கு உன் தம்பி என்ன பண்றான்?" என்றார்.

தம்பி போனில் ஏதோ கேம் இறக்கிக்கொண்டிருந்தான். அம்மா டி.வி.யில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் இருக்கிற கருவி அந்தக் கம்ப்யூட்டருக்குள் வருவதை மட்டும்தான் எண்ணும். ரௌட்டரில் இருந்து போனுக்கும் டி.வி.க்கும் பிரிந்து போவது அதன் கண்ணுக்கே தெரியாது. போனையும் டி.வி.யையும் நிறுத்திவிட்டு மறுபடி அளந்தேன். 46.1.

பேப்பரை மடித்து லேப் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எங்கள் வீதியில் யாருக்காவது ஸ்பீடு வரவில்லை என்றால், கேபிள் அண்ணன் "மொதல்ல தறிக்காரர் பொண்ணுகிட்டக் காட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார். செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே போகும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, அது பெரிய பி-ங்களா, சின்ன பி-ங்களா?"