வில்லு முதல் கீபோர்டு வரை: ஒரே மேடையில் பல இசை



வெளிநாடுகளில் இப்போது பல வகை இசைகளை ஒரே விழாவில் கூட்டி வைக்கிறார்கள். ஒரு மேடையில் மின்னணு இசைக்காரர் தன்னந்தனியாக நின்று பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பார். அடுத்த மேடையில் 300 வருடத்துக்கு முந்தைய பரோக் இசையை, அந்தக் காலத்து முறையில் நரம்பு கட்டிய வயலினில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் கேட்க ஒரே டிக்கெட்! "இதென்ன பெரிய அதிசயம்? எங்க ஊர்க் கொடைக்கு வந்து பாருங்க" என்று நம்ம இராஜாக்கமங்கலத்துக்காரன் சொன்னால் அதில் தப்பே இல்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன். லீவு நாட்களில் என் மாமாவின் மைக் செட்டோடு கொடைக்கும் திருவிழாவுக்கும் போய் ஒயர் இழுக்கிறவன். பாட்டுக்காரர்களை எல்லோரும் முன்னால் இருந்து பார்ப்பார்கள். நான் பக்கவாட்டில் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற சில சங்கதிகளை இந்த மலரில் பகிர்ந்துகொள்ள ஆசை.

நம்ம மேடையில் யார் யார்?

முதலில் வில்லுப்பாட்டு. நீண்ட வில், அதில் வரிசையாகத் தொங்கும் மணிகள், வில்லைத் தாங்கும் மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணை அடித்துக் கதை சொல்கிறவரை அண்ணாவி அல்லது புலவர் என்போம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இந்த வில்லில் காந்தி மகான் கதையைப் பாடி நாடறியச் செய்தார். அவரோடு இருந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டு போனார். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2022-ல் மறைந்தார். ஆண்களே கோலோச்சிய இந்தக் கலையில் சிறு வயதிலேயே வந்து வில்லடித்தவர் நம் மாவட்டத்துப் பூங்கனி அம்மா. அவர் 2018-ல் மறைந்தபோது எத்தனை பேருக்குத் தெரிந்தது?

அடுத்தது நையாண்டி மேளம். நாகசுரம், தவில், பம்பை, தாளம் எல்லாம் சேர்ந்தால் தெரு முனை வரை அதிரும். கரகாட்டத்துக்கு இதுதான் உயிர். பிறகு கணியான் கூத்து. அதில் இரண்டு மகுடங்கள் பேசிக்கொள்ளும்: ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள் அல்லவா? அந்த உறவின் அடையாளமாகச் செண்டை முழங்கும் சிங்காரி மேளம் இன்றும் வருகிறது. கடைசியில் கீபோர்டு, கிட்டார், பேடு வைத்த இன்னிசைக் கச்சேரி. இப்போது டி.ஜே. பெட்டியும் சேர்ந்துகொண்டது. துறைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் தேர்ப் பவனிக்குப் பேண்டு வாத்தியம். எண்ணிப் பாருங்கள், ஒரே சுற்று வட்டாரத்தில் எத்தனை இசை!

பரோக் இங்கே எப்படி வந்தது?

"மின்னணு சரி, பரோக் எங்கே?" என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600-லிருந்து 1750 வரை நடந்த இசைக் காலத்தைப் பரோக் என்கிறார்கள். ஒரு குரல் போகும்போதே இன்னொரு குரல் வேறு மெட்டில் அதோடு பின்னிக்கொண்டு போவது அந்தக் காலத்து இசையின் பெரிய அழகு. அதன் பேரரசர் ஜெர்மனியின் பாக், 1685-ல் பிறந்தவர். சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது பாக்குக்கு வயது 21! ஜெர்மன் லுத்தரன் சபையின் ஞானப்பாட்டு மெட்டுகளுக்குத் தரங்கம்பாடியில் தமிழ்ச் சொல் போட்டுப் பாடினார்கள். அதே சபையின் மெட்டுகளை எடுத்துத்தான் பாக்கும் தன் தேவாலய இசையைக் கட்டினார். ஆக, பரோக் தன் சொந்தக் காலத்திலேயே தமிழ்க் கரைக்கு வந்துவிட்டது.

தரங்கம்பாடியில் தமிழ் கற்ற ரிங்கல்தௌபே 1806-ல் நம் மயிலாடிக்கு வந்தார். அதற்குப் பின் இங்கே வளர்ந்த சபைகளில் இன்றைக்கும் ஒரே ஆராதனையில் மேல்நாட்டு மெட்டில் பாமாலையும், நம் ராகத்தில் கீர்த்தனையும் பாடுகிறார்கள். பாமாலைக்குப் பாடகர் குழு நாலு குரலாகப் பிரிந்து நிற்கும். கீர்த்தனைக்கு எல்லோரும் ஒரே குரல். இதைவிட வேறு பல்சுவை விழா வேணுமா?

வயலின் கதையும் அப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைச் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவைக்குக் கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது.

மின்னணுவும் பரோக்கும் கைகுலுக்கியது 1968-ல். ராபர்ட் மூக் செய்த சிந்தசைசரில் வெண்டி கார்லோஸ் பாக்கின் இசையை வாசித்து 'சுவிட்ச்டு ஆன் பாக்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஆய்வுக்கூடச் சாமான் என்று ஒதுக்கப்பட்ட கருவிக்கு வீட்டுக்கு வீடு பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பழைய இசைதான்! நம் இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டில் பாக்கையும் கர்நாடக ராகத்தையும் சந்திக்க வைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தபின் கீபோர்டு இல்லாத மேடையே இல்லை என்றாயிற்று.

சென்னையில் மேடை போட்டவர்கள்

தலைநகரிலும் இந்த முயற்சி உண்டு. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமத்துக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2011-க்குப் பின் நின்றுபோய், 2023 பொங்கலுக்கு 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி வந்தது. 2015-ல் பெசன்ட் நகர் அருகே மீனவர் குடியிருப்பில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா நடந்தது, டி.எம்.கிருஷ்ணா போன்றவர்கள் முன்னின்று, சபாவில் கேட்கும் கர்நாடக இசையைக் கடற்கரைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து, பறையோடு ஒரே விழாவில் வைத்தார்கள். 2017-ல் தொடங்கிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் பறையும் ஒரே பாட்டிலேயே சேர்ந்தன. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' வந்தது. சபாக்களின் மாதமான மார்கழியில் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை! இவை எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றே: மேடை யாருக்கு?

எங்கே இடிக்கிறது?

பல இசைகள் ஒரு மேடைக்கு வந்தால் மூன்று இடத்தில் இடிக்கும்: சுருதி, சத்தம், நேரம்.

முதலில் சுருதி. கீபோர்டில் ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தையதைவிட 1.0595 மடங்கு அதிர்வெண். நம் கமகம் அந்தக் கட்டைகளுக்கு நடுவில் வழுக்கி விளையாடுவது. நாகசுரத்தின் சுருதியோ குழலின் நீளத்தோடு பிறந்தது. குட்டையான திமிரிக்கு உச்ச சுருதி, நீளமான பாரிக்குத் தாழ்ந்த சுருதி. மேடையில் நின்றுகொண்டு குழலை நீட்டவா முடியும்? பரோக் குழுக்களும் இன்று பெரும்பாலும் 'ஏ' சுரத்தை 415 ஹெர்ட்சில் வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது 440. கிட்டத்தட்ட அரைச் சுரம் தாழ்வு. ஆனால் கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், யாருடைய சுருதிக்கும் இறங்கி வரும்.

இரண்டாவது சத்தம். நாகசுரமும் தவிலும் வெட்டவெளிக்குப் பிறந்தவை, மைக்கே வேண்டாம். பரோக் காலத்து ஹார்ப்சிகார்டு அறைக்குள் கேட்கிற கருவி. அதன் தந்தியைச் சுண்டுவதால் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் பெரிதாகக் கூடாது. வில்லுப்பாட்டில் சிக்கல் வேறு. அண்ணாவியின் வாய்க்கு நேர் எதிரே மணிகள் ஆடுகின்றன. மைக்கைத் தள்ளி வைத்தால் மணியும் குடமும் கேட்கும், கதை கேட்காது. பலர் இங்கே வால்யூமைக் கூட்டுவார்கள். அப்போது மணியும் சேர்ந்தே கூடும், கடைசியில் பெட்டி ஊளையிடும். மைக்கை வாய்க்குப் பாதித் தூரத்தில் கொண்டுவந்து பாருங்கள். பாட்டு 6 டெசிபெல் உயரும், மணி அவ்வளவு உயராது. காசு செலவில்லாத வைத்தியம்! பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல்தான் என்பதை நம்ம லேபிலேயே பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது நேரம். இதுதான் பெரிய இடி. வில்லுப்பாட்டுக் கதை சும்மா பொழுதுபோக்குக்குப் பாடுவது இல்லை. சுடலைமாடனோ இசக்கியோ முத்தாரம்மனோ, அந்தத் தெய்வத்தின் பிறப்பிலிருந்து தொடங்கி, நடுச்சாமப் பூசை நேரத்தில் அருள் வருகிற கட்டத்துக்குக் கதை வந்து சேர வேண்டும். அதற்குப் பல மணி நேரம் வேணும். ஆனால் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நடுராத்திரி 12 மணி வரை அரசு தளர்த்தலாம். நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் தூங்க வேண்டாமா? விதி நியாயமானதே. ஆனால் விதியின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். 7 மணிக்கு இன்னிசைக் கச்சேரி, 9 மணிக்கு டி.ஜே. என்று முன்னேரத்தை எல்லாம் புதியவர்கள் எடுத்துக்கொண்டால், மைக்கை அணைக்கிற நேரத்தில்தான் வில்லுக்காரர் உட்காருவார்!

போன வருடம் ஒரு கொடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். வயதான அண்ணாவி ஒருவர் வில்லைக் கட்டி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தார். பிறகு கமிட்டிக்காரர் வந்து, "அண்ணாச்சி, அரை மணிக்கூர்ல முடிச்சிரும்" என்றார். நான் பக்கத்தில் மைக் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "மக்ளே, பாட்டக் கொறைக்கலாம். சாமி வாறதுக்கு வழி வேணும்லா? பாதி வழியில எறக்கி விட்டா அது எங்க போவும்?" அரை மணி நேரம் பாடினார். கதை பிறப்போடு நின்றது. பேசின சம்பளத்தில் பாதிதான் கொடுத்தார்கள், 'பாதி நேரம்தானே பாடினீரு' என்று. நேரத்தைக் குறைத்தது யார்? காசு குறைந்தது யாருக்கு?

யார் வளைய வேண்டும்?

என் மாமா மைக் செட்டுத் தொழிலில் தலை நரைத்தவர். அவர் சொல்வார்: "லேய், வளையத் தெரிஞ்சவன்தான் வளையணும். நாயனத்த வளைக்க முடியாது, கீபோர்ட வளைக்கலாம்." ஆழ்ந்து பார்த்தால் மூன்று இடிக்கும் இதுவே மருந்து. சுருதியில் கீபோர்டு இறங்கி வரட்டும். சத்தத்தில் ஆம்ப்ளிபயர் இறங்கி வரட்டும். நேரத்திலும் இன்னிசைக் கச்சேரி இறங்கி வரட்டும். பத்துப் பாட்டுக் கச்சேரியை ஆறு பாட்டாக்கினால் அது கச்சேரிதான். மறுநாள் வைத்தாலும் கச்சேரிதான். அருள் வருகிற கதையைப் பாதியில் வெட்டினால் அது கதையே இல்லை.

இதனால் நான் புதிய இசைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். டி.ஜே. பாட்டுக்கு நானும் ஆடுகிறவன்தான். பாக் இல்லாமல் மூக் சிந்தசைசருக்குப் பெயர் வந்திருக்குமா? பழையது புதியதைத் தூக்கிவிட்டிருக்கிறது. இப்போது புதியதின் முறை.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் மைக் செட்டு வைப்போம், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்போம், சிலர் ஊர்க் கமிட்டியிலும் உட்காருவோம். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள். நிகழ்ச்சி நிரல் போடும்போது அதிக நேரம் தேவைப்படுகிறவரை முன்னால் போடுங்கள். பெட்டியைத் திறக்குமுன் ஒவ்வொரு கலைஞரிடமும் "உங்களுக்கு எப்படி வைக்கணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேசின சம்பளத்தை, நேரம் குறைந்தாலும் முழுசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் கல்லூரி ஆண்டு விழாவிலிருந்தே தொடங்கலாமே! வருகிற விழாவில் மாணவர் பேரவை ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைத்து, மாலை 5 மணிக்கே மேடையைக் கொடுக்கட்டும். மைக் வைக்க நான் வருகிறேன், வாடகை இல்லாமல்!